திசையிலியால் பெருக்கப்பட்ட வெக்டரின் எண்ணளவைக் காண்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

(3, −4, 12) என்னும் வெக்டரை −5 ஆல் பெருக்கினால் கிடைக்கும் வெக்டரின் எண்ணளவைக் காண்க என்று பதினோராம் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தால், விடைத்தாள்களில் 65, −65, 325 என்று மூன்று வகையான விடைகள் வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முதல் விடை மட்டுமே சரி. ஆனால் மற்ற இரண்டையும் எழுதுகிறவர்கள் பாடம் படிக்காதவர்கள் அல்லர். சூத்திரத்தைக் கேட்டால் தடுமாறாமல் சொல்லக்கூடியவர்களே. அந்தச் சூத்திரத்தில் மூன்று இடங்களில் வரும் நெட்டுக்கோடுகள் ஒரே வடிவில் இருந்தாலும் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கின்றன என்பதை யாரும் அவர்களுக்கு நிறுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள். இவ்வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு செய்தியைச் சுற்றியே செல்கிறது.

சொற்களும் குறியீடுகளும்

தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் வெக்டர் (நீளமும் திசையும் உடைய, அம்பாக வரையப்படும் அளவு), திசையிலி (திசை இல்லாத அளவு), எண்ணளவு (வெக்டரின் நீளம்) என்னும் சொற்களைப் பயன்படுத்துகின்றன. இயற்பியல் வகுப்பில் திசையிலியை ஸ்கேலர் என்றே சொல்வதும் உண்டு. இலங்கையில் படித்தவர்களுக்கு இவை முறையே காவி, எண்ணி, பருமன். இவற்றுள் ‘காவி’ என்னும் சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. காவுதல் என்றால் சுமந்து செல்லுதல்; வெக்டர் என்னும் இலத்தீன் சொல்லுக்கும் சுமந்து செல்வது என்பதுதான் பொருள். 1843 ஆம் ஆண்டு டப்ளின் நகரில் நான்கு கூறுகளைக் கொண்ட ஒரு புதிய எண் முறையைக் கண்டறிந்த வில்லியம் ரோவன் ஹாமில்டன், அம்முறையை வளர்த்தெடுக்கும்போது வெக்டர், ஸ்கேலர் என்னும் பெயர்களை இன்றைய பயன்பாட்டுக்கு நெருங்கிய பொருளில் கணிதத்துக்குள் கொண்டுவந்தார்.

இங்கே வெக்டர்களை அ, ஆ என்னும் எழுத்துகளாலும், திசையிலியைக் க என்னும் எழுத்தாலும் குறிக்கிறேன். தாளில் எழுதும்போது வெக்டரின் மேல் அம்புக்குறி இடுவது கட்டாயம். அச்சு வசதிக்காக மட்டுமே அதை இங்கு விட்டிருக்கிறேன். அ என்னும் வெக்டரின் கூறுகளை (ப, ம, வ) என்று எழுதுவோம். பாடநூலில் மூன்று அச்சுகளின் ஓரலகு வெக்டர்களை (எண்ணளவு 1 உடையவற்றை) கொண்டு எழுதப்பட்டிருந்தால், அவற்றின் கெழுக்களை வரிசையாக எடுத்து அடைப்புக்குறிக்குள் இட்டால் இதே வடிவம் கிடைக்கும். ஏதேனும் ஓர் அச்சுக்குரிய உறுப்பு கணக்கில் இல்லையென்றால் அவ்விடத்தில் 0 எழுத வேண்டும். க·அ என்பதில் உள்ள புள்ளி சாதாரணப் பெருக்கலைக் குறிக்கிறதே தவிர, இரண்டு வெக்டர்களுக்கு இடையே வரும் புள்ளிப் பெருக்கலை (ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டுவதை) அன்று.

விதியும் அதன் நிறுவலும்

விதி இதுதான்:

|க·அ| = |க| × |அ|

இடப்பக்கத்திலும் வலப்பக்கத்தின் இறுதியிலும் உள்ள கோடுகளுக்குள் வெக்டர்கள் இருக்கின்றன. எனவே அவை எண்ணளவை, அதாவது அம்பின் நீளத்தைக் குறிக்கின்றன. நடுவில் உள்ள |க| என்பதில் கோடுகளுக்குள் இருப்பது வெறும் எண்; எனவே அங்கே அவை தனி மதிப்பைக் குறிக்கின்றன. |−5| என்பதற்கு நீளம் என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. குறியை நீக்கிவிட்டு 5 என்று எடுத்துக்கொண்டால் போதும். கோடுகளைக் கண்டவுடன் ‘உள்ளே இருப்பது எண்ணா, வெக்டரா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் −65 என்னும் விடை எழுதப்படவே மாட்டாது.

இந்த விதியை நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியதில்லை. மூன்று வரிகளில் நிறுவிவிடலாம். ஒரு வெக்டரைத் திசையிலியால் பெருக்குவது என்றால் அதன் ஒவ்வொரு கூறையும் அந்த எண்ணால் பெருக்குவது என்று பொருள். ஆகவே க·அ = (க·ப, க·ம, க·வ). பிதாகரஸ் தேற்றத்தின்படி இதன் எண்ணளவு

√(க²ப² + க²ம² + க²வ²) = √(க² × (ப² + ம² + வ²)) = √க² × √(ப² + ம² + வ²)

இறுதியில் உள்ள √(ப² + ம² + வ²) என்பது |அ|. எஞ்சியிருக்கும் √க² என்பதை க என்று எழுதிவிடுவதில்தான் பிழை தொடங்குகிறது. வர்க்கமூலக் குறி எப்போதும் குறை எண் அல்லாத மூலத்தையே தரும். க = −5 என்றால் க² = 25, √25 = 5; அது −5 ஆக மீண்டும் மாறுவதில்லை. எனவே √க² = |க|. விதியில் தனி மதிப்பு வந்து சேர்வதற்குக் காரணம் இந்த ஒரு படிதான். வேறு எந்த மர்மமும் இல்லை.

வடிவியல் வழியாகவும் இதைப் பார்த்துவிடுவது நல்லது. 2 ஆல் பெருக்கினால் அம்பு இருமடங்கு நீள்கிறது. 1/3 ஆல் பெருக்கினால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. −1 ஆல் பெருக்கினால் நீளம் மாறாமல் அம்பு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. 0 ஆல் பெருக்கினால் அம்பு ஒரு புள்ளியாக ஒடுங்கிப் பூச்சிய வெக்டர் ஆகிறது. ‘திசையிலி என்றால் திசையே இல்லாதது அல்லவா, அது எப்படி வெக்டரின் திசையை மாற்றுகிறது?’ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. திசையிலிக்குத் திசை கிடையாது, ஆனால் குறி உண்டு. வெக்டர் தான் கிடக்கும் கோட்டை விட்டு விலகுவதில்லை; அந்தக் கோட்டிலேயே முன்னோக்கியா பின்னோக்கியா என்பதை மட்டுமே அக்குறி முடிவு செய்கிறது. அந்தச் செய்தி எண்ணளவில் இடம்பெறாது என்பதைத்தான் தனி மதிப்பு நமக்குச் சொல்கிறது.

கணக்கைச் செய்யும் முறை

படி 1. வெக்டரைக் கூறுகளாக எழுதுக. இரண்டு புள்ளிகள் கொடுக்கப்பட்டிருந்தால், முடிவுப் புள்ளியின் ஆயங்களிலிருந்து தொடக்கப் புள்ளியின் ஆயங்களைக் கழித்தால் கூறுகள் கிடைக்கும்.

படி 2. கூறுகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து |அ| காண்க. குறை எண்ணை வர்க்கப்படுத்தும்போது அடைப்புக்குறி இடுக: (−4)² = 16. கணிப்பானில் அடைப்புக்குறி இல்லாமல் −4² என்று அழுத்தினால் பெரும்பாலான கணிப்பான்கள் −16 என்றே காட்டும்.

படி 3. திசையிலியின் தனி மதிப்பைத் தனியே ஒரு வரியில் எழுதுக. இந்த வரியை மனத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் தவறுகள் பெரும்பாலும் எழுதப்படாத இந்த வரியில்தான் நிகழ்கின்றன.

படி 4. இரண்டையும் பெருக்குக. விடை ஒருபோதும் குறை எண்ணாக வரக் கூடாது. வந்திருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புக.

தொடக்கத்தில் சொன்ன கணக்கை இம்முறையில் செய்துபார்ப்போம். அ = (3, −4, 12). வர்க்கங்களின் கூடுதல் 9 + 16 + 144 = 169; |அ| = 13. க = −5; |க| = 5. எனவே |க·அ| = 5 × 13 = 65. சுற்றுவழியிலும் சரிபார்க்கலாம்: −5 ஆல் பெருக்கினால் (−15, 20, −60); வர்க்கங்களின் கூடுதல் 225 + 400 + 3600 = 4225; இதன் வர்க்கமூலம் 65. இரு வழிகளும் ஒரே விடையைத் தருகின்றன. ஆனால் முதல் வழியில் பெரிய எண்களை வர்க்கப்படுத்த வேண்டிய தொல்லை இல்லை.

325 எங்கிருந்து வந்தது? 25 × 13 = 325; அதாவது திசையிலியை வர்க்கப்படுத்திவிட்டு மூலம் எடுக்க மறந்திருக்கிறார்கள். ஒரு வெக்டரைத் தன்னோடு தானே புள்ளிப் பெருக்கல் செய்தால் எண்ணளவின் வர்க்கம் கிடைக்கும்; அங்கே க² வருவது முறை. அந்தச் சூத்திரத்தின் நினைவு இங்கே வந்து குழப்புகிறது. ‘ஐந்து மடங்கு இழுத்த அம்பு ஐந்து மடங்குதானே நீளும், இருபத்தைந்து மடங்கு எப்படி நீளும்?’ என்று கேட்டுப் பார்த்தாலே இப்பிழை புலப்பட்டுவிடும்.

இன்னும் சில கணக்குகள்

தொடக்கப் புள்ளி (1, −2, 4), முடிவுப் புள்ளி (5, 2, 11). இவற்றை இணைக்கும் வெக்டரை −2/3 ஆல் பெருக்கினால் எண்ணளவு என்ன? கூறுகள் (4, 4, 7). 16 + 16 + 49 = 81; எண்ணளவு 9. |−2/3| = 2/3. விடை 6. இதையே சுற்றுவழியில் செய்தால் −8/3, −8/3, −14/3 என்னும் பின்னங்களை வர்க்கப்படுத்த நேரிடும்.

எண்ணளவு முழு எண்ணாக வராதபோதும் முறை மாறுவதில்லை. (2, 3, −1) என்னும் வெக்டரின் எண்ணளவு √14. அதை 6 ஆல் பெருக்கினால் 6√14, அதாவது ஏறத்தாழ 22.45. தேர்வில் 6√14 என்றே விட்டுவிடலாம். சுற்றுவழியில் சென்றவர் √504 இல் நின்றிருப்பார். அதைச் சுருக்கினாலும் இதே 6√14 தான் வரும்.

சற்று நுட்பமான கணக்கு ஒன்று: (1, 2, 2) என்னும் வெக்டரை (1 − √2) ஆல் பெருக்குக. வெக்டரின் எண்ணளவு 3. இனி 3(1 − √2) என்று எழுதிவிடக் கை துடிக்கும். திசையிலியின் முன்னால் குறைக்குறி கண்ணில் படாததே காரணம். √2 என்பது 1 ஐ விடப் பெரியது. எனவே 1 − √2 குறை எண். அதன் தனி மதிப்பு √2 − 1. விடை 3(√2 − 1), ஏறத்தாழ 1.24. திசையிலி மூலங்களாகவோ மாறிகளாகவோ வரும்போது, அதன் குறியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மதிப்பைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

பின்னோக்கிய கணக்குகள்

எண்ணளவைக் கொடுத்துத் திசையிலியைக் கேட்கும் கணக்குகளில்தான் விதியை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறோம் என்பது தெரியவரும். அ = (6, −2, 3), |க·அ| = 21 என்றால் க என்ன? |அ| = √(36 + 4 + 9) = 7. எனவே |க| × 7 = 21; |க| = 3; க = 3 அல்லது −3. இரண்டு விடைகளையும் எழுதாவிட்டால் கணக்கு பாதிதான் முடிந்தது. ஒன்று அதே திசையிலும் மற்றொன்று எதிர்த்திசையிலும் 21 அலகு நீளமுள்ள அம்புகளைத் தருகின்றன. இதே வெக்டரைக் கொண்டு |(க − 2)·அ| = 14 என்று கேட்டால், |க − 2| = 2; ஆகவே க = 4 அல்லது 0. இங்கே 0 ஐக் கண்டு மிரண்டு அதை விலக்கிவிடுகிறவர்கள் உண்டு. க = 0 என்றால் திசையிலி −2 ஆகிறதே தவிரப் பூச்சியம் ஆவதில்லை.

|க·அ| = 1 ஆக வேண்டுமென்றால் |க| = 1/|அ|. ஓரலகு வெக்டர் காண்பதற்கு எண்ணளவால் வகுக்கச் சொல்லும் சூத்திரம் இவ்விதியின் ஒரு சிறப்பு நிலைதான். அதைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதிலிருந்து இன்னொரு வழக்கமான கேள்விக்கும் விடை கிடைக்கிறது. (6, −2, 3) என்னும் வெக்டருக்கு எதிர்த்திசையில், எண்ணளவு 10 உடைய வெக்டர் எது? எதிர்த்திசை என்பதால் திசையிலி குறை எண்; எண்ணளவு 7 லிருந்து 10 ஆக வேண்டும் என்பதால் க = −10/7. வெக்டர் (−60/7, 20/7, −30/7). பூச்சிய வெக்டருக்கு மட்டும் இவ்வழி பொருந்தாது. அதன் எண்ணளவு 0 என்பதால் எந்த எண்ணால் பெருக்கினாலும் அது 0 ஆகவே இருக்கும்.

கூட்டலுக்குள் நுழையாத விதி

இவ்விதி ஒரு வெக்டர், ஒரு திசையிலி என்னும் பெருக்கலுக்கு மட்டுமே உரியது. |2·அ − 3·ஆ| என்று கேட்டால் 2|அ| − 3|ஆ| என்று பிரித்துவிட முடியாது. அ = (3, 4), ஆ = (4, 3) என்று எடுத்துக்கொள்வோம்; இரண்டின் எண்ணளவும் 5. தவறான வழியில் 10 − 15 = −5 என வரும்; எண்ணளவு குறை எண்ணாக வந்ததே எச்சரிக்கை மணி. சரியான வழி, முதலில் கூறுகளைக் கணக்கிட்டு ஒரே வெக்டராக்குவது: (6 − 12, 8 − 9) = (−6, −1). எண்ணளவு √37, ஏறத்தாழ 6.08. ஆயினும் விதி இங்கும் ஓர் உதவி செய்கிறது. 2·அ இன் எண்ணளவு 10, 3·ஆ இன் எண்ணளவு 15; முக்கோணச் சமனிலியின்படி (முக்கோணத்தின் எந்தப் பக்கமும் மற்ற இரண்டின் கூடுதலை மிகாது என்னும் விதி) விடை 15 − 10 = 5 க்குக் குறையாமலும் 15 + 10 = 25 க்கு மிகாமலும் இருந்தாக வேண்டும். 6.08 அந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதால் நிம்மதியாக அடுத்த கணக்குக்குச் செல்லலாம். எல்லா வெக்டர்களுக்கும் பொதுவான திசையிலி இருந்தால் மட்டும் அதை வெளியே எடுக்கலாம்: |4·அ − 4·ஆ| = 4|அ − ஆ|.

இயற்பியலில்

இயற்பியலில் திசையிலிக்கு அலகும் உண்டு. ஆகவே பெருக்கினால் கிடைக்கும் வெக்டர் வேறோர் அளவாக மாறிவிடுகிறது. 0.16 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கிரிக்கெட் பந்து வினாடிக்கு (24, 0, −7) மீட்டர் என்னும் திசைவேகத்தில் செல்கிறது என்றால் அதன் வேகம் √(576 + 49) = 25; உந்தம் என்பது நிறையால் பெருக்கிய திசைவேகம் என்பதால் அதன் எண்ணளவு 0.16 × 25 = 4 கிலோகிராம் மீட்டர்/வினாடி. திசைவேகத்தையும் உந்தத்தையும் ஒரே வரைபடத்தில் அம்புகளாக வரைந்துவிட்டு, 0.16 ஆல் பெருக்கியதால் அம்பு ‘சுருங்கியது’ என்று சொல்வதில் பொருளில்லை; இரண்டின் அலகுகளும் வேறு. நிறை எப்போதும் மிகை எண் என்பதால் இங்கே தனி மதிப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அந்தப் பழக்கமே மின்னியல் பாடத்துக்கு வரும்போது காலை வாரிவிடுகிறது.

எலக்ட்ரானின் மின்னூட்டம் ஏறத்தாழ −1.6 × 10⁻¹⁹ கூலும். அது (3000, 4000) நியூட்டன்/கூலும் மின்புலத்தில் இருக்கிறது. மின்புலத்தின் எண்ணளவு 5000. மின்னூட்டத்தின் தனி மதிப்பு 1.6 × 10⁻¹⁹. விசை என்பது மின்னூட்டத்தால் பெருக்கிய மின்புலம்; எனவே அதன் எண்ணளவு 8 × 10⁻¹⁶ நியூட்டன். குறைக்குறியை நாம் தூக்கி எறியவில்லை. விசை மின்புலத்துக்கு எதிர்த்திசையில் செயல்படுகிறது என்று அடுத்த வரியில் எழுதும்போது அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. எண்ணளவு ஒரு வரி, திசை ஒரு வரி என்று பிரித்து எழுதுவதே எனக்குத் தெரிந்த பாதுகாப்பான முறை.

விதியைத் தலைகீழாகப் பயன்படுத்துதல்

பெரிய எண்களோ தசமங்களோ கூறுகளாக வந்தால், பொதுக் காரணியைத் திசையிலியாக வெளியே எடுத்துவிடுங்கள். (18, −24, 72) என்பது 6·(3, −4, 12); எண்ணளவு 6 × 13 = 78. (0.03, −0.04, 0.12) என்பது 0.01·(3, −4, 12), எண்ணளவு 0.13. 72 ஐயும் 0.12 ஐயும் வர்க்கப்படுத்த வேண்டியதில்லை.

கணினிக்கும் இந்த உத்தி தேவைப்படுகிறது. வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி (floating point) எண் வடிவில் ஏறத்தாழ 1.8 × 10³⁰⁸ வரைதான் எழுத முடியும். (3 × 10²⁰⁰, 4 × 10²⁰⁰) என்னும் வெக்டரின் எண்ணளவை நேரடியாகக் கணக்கிட்டால், வர்க்கப்படுத்தும் இடத்திலேயே 10⁴⁰⁰ என்னும் அளவு வந்து கணக்கு முடிவிலியில் போய் நின்றுவிடும். உண்மையான விடையான 5 × 10²⁰⁰ அந்த எல்லைக்கு மிகக் கீழேதான் இருக்கிறது. ஆகவே மிகப் பெரிய கூறை முதலில் வெளியே எடுத்துவிட்டு, எஞ்சிய சிறிய வெக்டரின் எண்ணளவைக் கண்டு, இறுதியில் பெருக்குவது நிரலர்களிடையே நெடுநாள் வழக்கம்.

நீளத்தைப் பிதாகரஸ் வழியில்தான் அளக்க வேண்டும் என்பதும் இல்லை. கூறுகளின் தனி மதிப்புகளைக் கூட்டியும் அளக்கலாம். (3, −4, 12) க்கு அது 19. −5 ஆல் பெருக்கிய பின் 15 + 20 + 60 = 95; மீண்டும் ஐந்து மடங்கு. போலந்துக் கணிதவியலாளர் ஸ்டெபான் பனாக் 1922 இல் வெளியிட்ட தம் ஆய்வில் நீளம் என்னும் கருத்துக்கு விதிகளை வகுத்தபோது, |க| வெளியே வரும் இப்பண்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பள்ளியில் நாம் நிறுவும் விதி, அங்கே நிறுவல் தேவைப்படாத அடிப்படையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

செய்து பார்க்க மூன்று

முதலாவது: (−2, 3, 6) என்னும் வெக்டரை −1/7 ஆல் பெருக்கினால் எண்ணளவு என்ன? இரண்டாவது: |(2க + 1)·(1, 4, 8)| = 27 எனில் க இன் மதிப்புகள் யாவை? மூன்றாவது: ஒன்றுக்கொன்று செங்குத்தான அ, ஆ என்னும் வெக்டர்களின் எண்ணளவுகள் முறையே 4, 3 எனில் |3·அ − 4·ஆ| எவ்வளவு?

முதல் கணக்கின் விடை 1. கிடைப்பது எதிர்த்திசையில் உள்ள ஓரலகு வெக்டர். இரண்டாவதில் வெக்டரின் எண்ணளவு 9 என்பதால் |2க + 1| = 3; க = 1 அல்லது −2. மூன்றாவதில் 3·அ, 4·ஆ ஆகிய இரண்டின் எண்ணளவும் 12; அவை செங்குத்தாகவே இருக்கின்றன என்பதால் விடை √(144 + 144) = 12√2. 3 × 4 − 4 × 3 என்று எழுதியவருக்கு 0 கிடைத்திருக்கும். அவர் கூட்டலைப் பற்றிய பகுதியை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.